வோல்ட்டர் போட்டதும் வாங்கியதும்

வோல்ட்டர் நைஹோஃப் எங்கள் ஊர் அணிக்காக அடித்த முதல் கோலை அவன் பார்க்கவே இல்லை. பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரணி கோல்கீப்பரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வலது ஓரத்திலிருந்து நான் தூக்கி அடித்த பந்து காற்றில் திரும்பி, அவன் பின்புறத்தில் பட்டு, நேராக வலைக்குள் போய் விழுந்தது. மைதானமே எழுந்து கத்தியது. அவன் திரும்பிப் பார்த்து, "யாருடா போட்டது?" என்றான்.

"நீதாண்டா."

"நானா? நல்லா இருந்துச்சா?"

அன்று அவனுக்குப் பத்தொன்பது வயது. பகலில் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் மூட்டை தூக்குவான். சாயங்காலம் பயிற்சிக்கு வருவான். தலைமுடியில் மாவு ஒட்டியிருக்கும். எங்கள் ஸான்ட்ஃபேன் ஊரில் எல்லாரும் அப்படித்தான். நான் யானெஸ், சைக்கிள் கடைக்காரன். எங்கள் கோல்கீப்பர் ரொட்டிக் கடை. இரண்டாம் தர லீக்கில் ஆடினாலும் பந்து மட்டும் யாருக்கும் சோறு போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவோம். ஆட்டம் இங்கே நடக்கும் ஞாயிறுகளில் மட்டும் பாதிரியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார். அவருக்கும் நல்ல இடம் பிடிக்க வேண்டுமே.

வோல்ட்டர் ஓட மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பத்துப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டும்போது அவன் எதிரணியின் பெனால்ட்டி பெட்டிக்குள் இடுப்பில் கைவைத்து நிற்பான். "கொஞ்சம் பின்னால வந்து உதவுடா" என்றால், "அங்க என்ன கோல் போஸ்ட்டா இருக்கு?" என்பான். இருந்தது. அது எங்கள் கோல் போஸ்ட். அதைப் பற்றி அவனுக்கு எந்த அக்கறையும் இல்லை. ஆனால் பந்து பெட்டிக்குள் வந்துவிட்டால் போதும். முழங்கால், தோள், நெற்றி, எது முதலில் கிடைக்கிறதோ அதால் உள்ளே தள்ளிவிடுவான். ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் அணியின் கோல்களில் பாதிக்கு மேல் அவனுடையதுதான்.

அவனைத் தடுக்கத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்தன். பக்கத்து ஊர் ஃபெல்டர்மோன்ட்டின் நடுத் தடுப்பாட்டக்காரன், ஃப்ரேர்க் டல்லிங்கா. பால்மாடு வைத்திருந்தான். காலையில் மாட்டைக் கறந்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருவான், தொழுவத்தின் வாசனையோடு. வோல்ட்டர் எங்கே நின்றாலும் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். சட்டையைப் பிடிப்பான், காலை மிதிப்பான், காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பான்.

"உங்கம்மா எப்படி இருக்காங்க வோல்ட்டர்? இடுப்பு வலி தேவலையா?"

"தேவலை. காலை எடு."

"எந்தக் காலை? உன் காலா, என் காலா?"

ஒரு ஏப்ரல் மாதம், மழையில் நடந்த ஆட்டம். கார்னரிலிருந்து நான் அடித்த பந்துக்கு இருவரும் ஒன்றாக எகிறினார்கள். ஃப்ரேர்க்கின் முழங்கை வோல்ட்டரின் வாயில் இறங்கியது. வோல்ட்டரின் நெற்றி பந்தில் பட்டது. கோல்! வாயெல்லாம் ரத்தத்தோடு கையை விரித்துக்கொண்டு அவன் ஓடினான். அவன் ஓடி நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்தபோது ஃப்ரேர்க் சேற்றில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். எடுத்து, சட்டையில் துடைத்து, வோல்ட்டரின் உள்ளங்கையில் வைத்தான். முன்பல் இரண்டு.

"இந்தா. உன்னோடதுதான்."

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஃப்ரேர்க்கின் பெயரை யாரும் சும்மா சொன்னதில்லை. முன்னால் ஒரு அடைமொழி இருக்கும். அதை இங்கே எழுத முடியாது.

இடையில் வோல்ட்டரை மேற்கே ஒரு பெரிய நகரத்து அணி கூப்பிட்டது. ஊரே கொடி பிடித்து வழியனுப்பியது. ஒரே பருவம். ஒரு கோல்கூட இல்லை. அடுத்த கோடையில் மனைவி அலைடாவோடும் கைக்குழந்தையோடும் திரும்பி வந்து இறங்கினான். நாங்கள் கேட்பதற்குள் அவனே சொன்னான்: "ஓடச் சொன்னாங்கடா. அதுவும் பந்து இல்லாமலே ஓடணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"பந்து வந்ததும் கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

அலைடா பெட்டியை இறக்கிக்கொண்டே, "கடல் நல்லா இருந்துச்சு. மத்தபடி விட்டுட்டு வர்றதுக்கு அங்க ஒண்ணுமில்ல" என்றாள். அடுத்த வாரமே நகராட்சி நீச்சல் குளத்தில் அவளுடைய பழைய வேலைக்குப் போய்விட்டாள். வோல்ட்டரும் அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு கோல் போட்டான். ஊருக்கு நிம்மதி வந்தது.

அவன் ஆட்டம் முடிந்தது மைதானத்தில் இல்லை, வீட்டுக் கூடத்தில். மகளின் பிறந்தநாளுக்குத் தோரணம் கட்ட நாற்காலியில் ஏறி, இறங்கும்போது முழங்கால் திருகிக்கொண்டது. சுற்றிலும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு இனி பந்து வேண்டாம் என்றார்.

"ஃப்ரேர்க் பத்து வருஷமா முயற்சி பண்ணினான். கடைசியில தோரணம் செஞ்சுடுச்சு" என்று வோல்ட்டர் கட்டுப்போட்ட காலோடு சிரித்தான். கவலைப்பட்டானா என்று கேட்டால், ஒரு மாதம் பட்டான். பிறகு பயிற்சியாளர் படிப்புக்குப் போனான். தேர்வில் தேறியும் வந்துவிட்டான், எப்படி என்று அவனுக்கே தெரியாது. எங்கள் சங்கத் தலைவர், சாமான் கடை முதலாளி ஓவிங், அவனையே பயிற்சியாளராக்கினார். நானும் அந்த வருடம்தான் ஆட்டத்தை விட்டுவிட்டு, அணிக்கு எடுபிடியாகக் கூடவே சுற்றத் தொடங்கினேன்.

அந்த இலையுதிர்காலம்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பயிற்சி என்றால் கோல் அடிக்கும் பயிற்சி மட்டும்தான். தடுப்பாட்டக்காரர்களும் வரிசையில் நின்று கோல் அடித்தார்கள். கோல்கீப்பர் கூர்ட்டும் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் நாலுக்கு ஐந்து, மூன்றுக்கு நாலு, ஒருமுறை ஐந்துக்கு ஏழு என்று முடிந்தன. மக்கள் கூட்டம் அலைமோதியது. எல்லாருக்கும் தொண்டை கட்டியது. அணி மட்டும் பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

ஓவிங் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வோல்ட்டர், உங்க ஆட்டத்தைப் பாக்கக் கூடாதுன்னு என் டாக்டர் சொல்லிட்டார். நெஞ்சுக்கு ஆகலையாம்."

"நாம போன வாரம் அஞ்சு கோல் போட்டோம் தலைவரே."

"வாங்கினதையும் எண்ணுங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல நான் உசிரோட இருக்கணும்ல?"

அன்று இரவுச் சாப்பாட்டில், எண்டைவ் கீரை போட்டு மசித்த உருளைக்கிழங்கில் குழம்பு ஊற்றக் குழி பறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். அலைடா கேட்டிருக்கிறாள்: "நீ ஆடின காலத்துல உன்னை கோல் போட விடாம நிறுத்தினது யாரு?"

"ஒரே ஒருத்தன்தான். உனக்குத்தான் தெரியுமே."

"அப்போ அவனைப் போய்க் கேளு. குழம்பு ஆறிடும், சாப்பிடு."

மறுநாள் என் கடை வேனில்தான் போனோம். மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு வோல்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கால்வாயை ஒட்டியே போனால் ஃபெல்டர்மோன்ட்டுக்கு வெளியே டல்லிங்காவின் பண்ணை. ஃப்ரேர்க் அப்போதுதான் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். கல்யாணம் ஆகாதவன். தொழுவத்தில் சாணம் வாரிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"பல்லைத் தேடி வந்தியா? அன்னிக்கே கையில குடுத்துட்டேனே."

"தடுப்பாட்டம் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்" என்றான் வோல்ட்டர்.

"யாருக்கு?"

"எங்க பசங்களுக்கு. எனக்கும்தான்."

ஃப்ரேர்க் மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தான். "அந்த மூலை பாக்கி இருக்கு. வாரிக்கிட்டே சொல்லு."

வோல்ட்டர் வாரினான். வாரிக்கொண்டே அந்தப் பருவத்தில் வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஃப்ரேர்க் ஒவ்வொன்றுக்கும் வலிதாங்காதவன்போல முகத்தைச் சுளித்தான். "யாருமே பிடிக்கலையா?" "அந்த ஆளைத் தனியாவா விட்டீங்க?" "ஐயோ, போதும், போதும்!" கடைசியில் ஒரு பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஊர்ல என்னைக் கொன்னுடுவாங்க."

"எங்க ஊர்லயும்தான்" என்றேன் நான்.

ஃப்ரேர்க் மாடுகளைப் பார்த்தான். "ஓய்வு எடுத்ததிலேருந்து திட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல. இதுங்களைத் திட்டினா காதுலயே போட்டுக்கறதில்ல. வர்றேன். ஆனா சாயங்காலக் கறவை முடிச்சிட்டுத்தான் வருவேன். நான் பேசறப்ப நீ குறுக்க பேசக் கூடாது."

"சரி" என்றான் வோல்ட்டர். அந்த வாக்கை அவன் ஒருநாளும் காப்பாற்றவில்லை.

ஃப்ரேர்க் முதல்முறை எங்கள் கேன்டீனுக்குள் நுழைந்தபோது எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கேன்டீனை நடத்தியவள் ஃபென்னா. குரலும் உடம்பும் பெரியவை. எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டே வந்தவள், ஃப்ரேர்க்கை மட்டும் தாண்டிப் போனாள். அவன் பையிலிருந்து தன் ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றிக் குடித்தான். வாரக்கணக்கில் இது நடந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பயிற்சியில் ஃப்ரேர்க் பந்தையே எடுக்கவில்லை. இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருத்தன் முதுகோடு இன்னொருத்தன் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றான். "அவன் மூக்கு சொறிஞ்சா உனக்குத் தெரியணும். அவன் பொண்டாட்டி பேரு தெரியணும்." எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரன் மார்ட்டென் நெட்டை, கூச்ச சுபாவம். யாரையாவது தெரியாமல் மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பான். ஃப்ரேர்க் அவன் பின்னாலேயே அலைந்தான்: "மன்னிப்பு கேளு, தப்பில்ல. ஆனா கால எடுக்காம கேளு."

பெஞ்சில் அவர்கள் போட்ட சண்டைதான் ஊருக்குப் பெரிய விருந்து. "மேல போங்கடா!" என்று வோல்ட்டர் கத்துவான். "ஒருத்தன் நகரக் கூடாது!" என்று ஃப்ரேர்க் கத்துவான். எங்கள் ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. "உன்னைத் தடுத்த கையாலயே உன் வாயையும் மூடிடுவேன்." "மூடு பாப்போம், இப்ப இருக்கிறது கட்டுன பல்லு, உடையாது." பெஞ்சுக்குப் பின்வரிசை இருக்கைகளுக்குத்தான் அடிதடி. ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று மக்கள் அங்கே உட்கார்ந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, முதலிடத்தில் இருந்த அணியோடு வெளியூரில் ஆட்டம். பூஜ்யம் பூஜ்யம். கடைசி விசில் ஊதியதும் எங்கள் ஆட்களுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்றே புரியவில்லை. வோல்ட்டர் சவ அடக்கத்துக்கு வந்தவன்போல நின்றான். "ஒண்ணுமே நடக்கலையே" என்றான். ஃப்ரேர்க்கின் கண் கலங்கியிருந்தது. "ஆமா" என்றான். "எவ்வளவு அழகா இருந்துச்சு பாரு."

செவ்வாய்க்கிழமை ஃபென்னா காபிக் கூஜாவோடு வந்து ஃப்ரேர்க்கின் முன்னால் நின்றாள். ஒரு கோப்பையை டொக்கென்று வைத்தாள்.

"என் புருஷன் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து யாரையும் திட்டல. நாற்காலியை எட்டி உதைக்கல. சூப்பைக் குடிச்சிட்டு நிம்மதியா தூங்கிட்டார். கல்யாணம் ஆனதிலேருந்து அப்படி ஒரு ஞாயித்துக்கிழமையை நான் பாத்ததில்ல." ஊற்றினாள். ஒரு பிஸ்கட்டை வைத்தாள். கொஞ்சம் யோசித்து டப்பாவையே அவன் பக்கம் தள்ளினாள். எங்கள் பக்கத்தில் காபிக்கு ஒரு பிஸ்கட், அதோடு டப்பா மூடிவிடும்; டப்பாவையே நீட்டுவது சாதாரண விஷயமில்லை. கேன்டீனே கைதட்டியது.

அதன்பிறகு இறங்குமுகம் நின்றது. வசந்தம் வந்தபோது நாங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். வோல்ட்டரின் பையன்கள் போட்டார்கள். ஃப்ரேர்க்கின் பையன்கள் வாங்காமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது கணக்கு எளிது. ஜெயித்தால் முதல்தர லீக். எதிரணிக்கும் அதே கணக்கு. எதிரணி ஃபெல்டர்மோன்ட்.

அன்று மத்தியானம் மைதானத்தில் ஊசி விழ இடமில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது, ஃப்ரேர்க்கைக் காணோம். பண்ணைக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முணுமுணுப்பு கிளம்பியது. "சொன்னேன்ல? ரத்தம் அது. சொந்த ஊருக்கு எதிரா வந்து உக்காருவானா?" ஃபென்னாவின் புருஷன்தான் சத்தமாகச் சொன்னான். ஃபென்னா கையிலிருந்த துண்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வோல்ட்டர் பக்கத்துக் காலி இடத்தில் தன் கோட்டைப் போட்டு வைத்தான். "வருவான்" என்று மட்டும் சொன்னான்.

திட்ட ஆளில்லாத எங்கள் தடுப்பாட்டம் தடுமாறியது. இடைவேளைக்கு முன்பே இரண்டு வாங்கிவிட்டோம். நடுவர் இடைவேளை விசில் ஊதிய நேரத்தில் வெளியே டபடபவென்று சத்தம். கால்வாய்ச் சாலையில் ஒரு டிராக்டர் வந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டையெல்லாம் ஈரமும் வைக்கோலும். ஃப்ரேர்க் வாசல் பக்கமே டிராக்டரை நிறுத்திவிட்டு உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தான்.

"கன்னு தலைகீழா வந்துச்சு. மாட்டு வைத்தியர் ஆட்டம் பாக்க இங்க வந்துட்டார். நானே இழுத்தேன். அப்புறம் கார் கிளம்பல." மூச்சு வாங்கினான். "எவ்வளவு?"

"ரெண்டு வாங்கிட்டோம்" என்றான் வோல்ட்டர். அவன் முகம் வெளுத்திருந்தது. "இதுக்கு மேல வாங்கக் கூடாது. எல்லாரும் பின்னால நில்லுங்க, முதல்ல கதவைச் சாத்துவோம்."

"கதவா? பைத்தியமா உனக்கு? எல்லாரும் மேல போகணும்! அங்க ஆடின காலத்துல அவனுங்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக் குடுத்தது நான். முன்னால நிக்கறவனோட ஒட்டிக்குவானுங்க. பின்னாலேருந்து ஓடி வர்றவனைக் கண்டுக்க மாட்டானுங்க. மார்ட்டென், நீ போ மேல!"

"அவன் போனா பின்னால யாருடா நிப்பா?"

"யாரும் வேணாம்!"

யார் எதைச் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கோல்கீப்பர் கூர்ட் டீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. நாங்க அதுவரைக்கும் டீ குடிக்கறோம்."

யாரோ ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும். மார்ட்டென் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வோல்ட்டரும் ஃப்ரேர்க்கும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வோல்ட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "சரி. மேல போங்கடா. நானா இதை வேணாம்னு சொன்னேன்?"

சிரித்த முகத்தோடு வெளியே வந்த அணியை அன்றுதான் பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் ஒன்று. பிறகு அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் அவசரத்தில் சொந்த வலைக்குள்ளேயே தட்டிவிட, இரண்டுக்கு இரண்டு. நேரம் ஓடியது. ஒரு கார்னர். மார்ட்டென் பின்னாலிருந்து, பாதி மைதானம் கடந்து, யாரும் பார்க்காமல் ஓடி வந்தான். கூச்ச சுபாவமெல்லாம் போன இடம் தெரியவில்லை. தலையால் இடித்தான். வலை புடைத்தது.

வோல்ட்டர் கெட்ட முழங்காலோடு எகிறினான். இறங்கும்போது கீழே விழாமல் ஃப்ரேர்க் அவனை அக்குளில் பிடித்துத் தாங்கினான். அப்படியே தூக்கிக்கொண்டு நின்றான். கடைசி விசில் வரை இறக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம்.

எல்லாரும் மைதானத்துக்குள் பாய்ந்தபோது ஃப்ரேர்க் எதிர்ப்பக்கம் நடந்தான். ஃபெல்டர்மோன்ட் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினான். சிலர் குலுக்கினார்கள், ஒருவர் திரும்பிக்கொண்டார். "துரோகி!" என்று மேலேயிருந்து ஒரு குரல். கடைசியில் அவனுடைய அண்ணன் பொப்கே, ஃபெல்டர்மோன்ட் துண்டைக் கழுத்தில் சுற்றியவர், வேலியைத் தாண்டி வந்து எதிரே நின்றார்.

"மாடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கன்னும் எழுந்து நின்னுடுச்சு. கிடேரி."

"அப்போ சரி" என்றார் பொப்கே. தம்பியின் தோளிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். "நாளைக்கு வந்து பாக்கறேன். இன்னிக்கு உன்கூட பேச மாட்டேன்."

மறுநாள் கால்வாயில் ஊர்வலம். தட்டையான பழைய படகு ஒன்றுக்குப் பச்சை வெள்ளைத் துணி சுற்றி, அணியை நிறுத்தி, கரையெல்லாம் சனம் ஓடி வர, தூக்குப் பாலங்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். ஓவிங் படகின் முனையில் நின்று பேசினார். "என் டாக்டருக்கு நன்றி" என்று தொடங்கியவர் கையை வீசியதில் தண்ணீருக்குள் போய்விட்டார். அலைடா செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தாள். குளத்தில் பிள்ளைகளை இழுப்பதுபோல அவரைத் தாடையில் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அவர் எழுந்து, சொட்டச் சொட்ட மீதிப் பேச்சையும் பேசி முடித்தார்.

முதல்தர லீக்கில் ஒரே வருடம் இருந்தோம், கடைசி இடத்தில். யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. வோல்ட்டர் அதன்பிறகும் வெகுகாலம் எங்கள் பயிற்சியாளராக இருந்தான், பக்கத்தில் ஃப்ரேர்க்கோடு. வேறு ஊர்களிலிருந்து இரண்டு முறை கேட்டு வந்தார்கள். "ரெண்டு பேரையும் சேத்துத்தான் எடுக்கணும்" என்றான். இரண்டு பேரும் போடும் சத்தத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்த ஒரு வருடத்தில், மேற்கே அந்தப் பெரிய நகரத்து மைதானத்தில் ஆடிய நாளைச் சொல்ல வேண்டும். வோல்ட்டருக்கு ஒரு கோல்கூடக் கிடைக்காத அதே மைதானம். ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று விழுந்தபோது எங்கள் மூலையில் இருந்த அத்தனை பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நகரத்துக்காரர் ஒருவர் என்னிடம், "ஏங்க, தோத்துக்கிட்டு இருக்கீங்க, தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். "இருங்க, இந்தப் பாட்டை முடிச்சிட்டு வர்றேன்."

திரும்பும் வழியில் பேருந்தை ஒரு கடையில் நிறுத்தினோம். எல்லாரும் மயோனைஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதக் கூம்பில் வாங்கிக்கொண்டு ஏறினோம். முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும்.

"ஆறு" என்றான் ஃப்ரேர்க். "ஆறுடா!"

"அந்த ஒண்ணைப் பாத்தியா? இடது காலால, மூலையில?"

"நான் ஆறைப் பாத்தேன்."

"நீ எப்பவும் பின்னாலயே பாரு. சரி, அந்த வறுவலை இப்படி நீட்டு, என்னுது தீந்துடுச்சு."

"உன்னுதுதான் பெருசா வாங்கினே."

"தடுக்க ஆள் இல்ல, தின்னுட்டேன்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. ஃப்ரேர்க் கூம்பை ஜன்னல் பக்கமாக மறைத்து வைத்துக்கொண்டு, தோளால் அவனை மறித்தபடி, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தான்.